ஒரு சுற்றுத் தாமதம்

மாலை ஐந்து ஐம்பதுக்கு எப்சிபா தன் மேசையைப் பூட்டினாள். தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தில் அவள் டைம் கீப்பர். ஓட்டுநரே இல்லாத பேருந்துகளுக்கு எதற்கு டைம் கீப்பர் என்று கேட்பவர்கள், இரண்டு கம்பெனி வண்டிகள் ஒரே பிளாட்பாரத்தில் மூக்கோடு மூக்கு உரசி நின்றுகொண்டு, என் நேரம்தான் முதலில் என்று வழக்காடுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். மனிதனாவது பசித்தால் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். இயந்திரத்துக்கு அந்த நாகரிகம் ஏது? அன்று மட்டும் ஒன்பது பஞ்சாயத்து முடித்திருந்தாள்.

நிலையத்தில் முந்நூறு பேர் நின்றார்கள். ஹாரன் இல்லை, கூவல் இல்லை, "திருச்செந்தூர், திருச்செந்தூர்" என்று அழைக்கும் குரல் இல்லை. கடல் ஊருக்குள் வந்து நிலம் சுருங்கியபின், மிச்சமிருந்த இடத்தில் நாற்பது மாடி, ஐம்பது மாடி என்று அடுக்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் தும்மினால் எட்டு வீட்டில் பிள்ளை எழுந்து அழுதது. அதனால் வந்தது ஒலியடக்கச் சட்டம். அதன்பின் ஊரில் எந்தச் சத்தமும் காற்று வழியாகப் போவதில்லை. கைபேசி வழியாக, காதுக்குப் பின்னால் அரிசியளவு ஒட்டியிருக்கும் செவிமணிக்குத்தான் போகும். கல்யாண மேளமும் அப்படித்தான், சாவு மேளமும் அப்படித்தான்.

முப்பத்து மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வயலினை எடுத்தாள். வயலின் என்றால் பழைய வயலின் இல்லை. மரக்கூடு கிடையாது. ஒரு தண்டு, நான்கு தந்தி, ஒரு வில். பக்கத்தில் உட்கார்ந்தாலும் பூனை சொறிவது மாதிரிதான் கேட்கும். கைபேசி அந்தத் தந்திகளின் அதிர்வை எடுத்து வயலினாக்கி அவள் காதிலும், கேட்க வேண்டியவர்கள் காதிலும் ஊற்றும்.

கேட்க வேண்டியவர்கள் இரண்டே பேர். மாண்டலின் வாசிக்கும் சிகாமணி அண்ணாச்சி, கிரேட் காட்டன் ரோட்டில் மக்ரூன் கடை வைத்திருப்பவர், அறுபத்தொரு வயது. கஞ்சிரா வாசிக்கும் ஜெய்லானி, காயல்பட்டினத்துக்காரன், போர்ட் பிளேரில் படகு மெக்கானிக். பத்து வருடமாக ஞாயிறு தவிர எல்லா நாளும் ஆறு மணிக்கு மூன்று பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து ஒன்றாக வாசித்தார்கள். யாரும் கூலி கொடுக்கவில்லை, யாரும் கைதட்டவில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? எப்சிபாவுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்து மூன்று மணி நேரமும்.

இப்படி ஒன்றாக வாசிப்பது ஒரு காலத்தில் நடக்காத காரியம். கடலடி வடங்களைப் பழுதுபார்க்க ஆளில்லாமல் போனபின், உலகத்தின் எல்லாச் சத்தமும் வானத்துக்கு ஏறிச் செயற்கைக்கோளைத் தொட்டு இறங்குகிறது. அதற்கு அரை நொடி ஆகும். பேச்சுக்கு அரை நொடி ஒரு பொருட்டில்லை. தாளத்துக்கோ அரை நொடி என்பது ஒரு யுகம். முன்னோசை என்ற தளம்தான் அந்த அரை நொடியை ஒழித்தது. எப்படி ஒழித்தது என்று யாரும் கேட்கவில்லை. கரண்ட் வந்தால் போதும், எந்த ஊரிலிருந்து வருகிறது என்று யார் போய் விசாரிக்கிறார்கள்? நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கைபேசி முன்னோசையில்தான் ஓடியது.

அந்த வாரம் தளத் தேர்வு வாரம். பத்து வருடத்துக்கு ஒருமுறை செவிமணியின் பூட்டு திறக்கும். வேண்டுமென்றால் வேறு தளத்துக்கு மாறலாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மறுபடி பூட்டிக்கொள்ளும். ஒன்றும் செய்யாதவர்களுக்குப் பழையதே தொடரும். எப்சிபாவும் ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் நினைத்திருந்தாள்.

அன்று திங்கள். மோகனத்தில் அவர்களே கட்டிய பாட்டு. கடைசிச் சில சுற்றுகளுக்கு முன் மணிக்கட்டுப் பட்டை துடித்தது, நிலையத்திலிருந்து. துறைமுக வாசலில் ஒரு பேருந்தும் உப்பு லாரியும், நீ போ, நீ போ என்று ஒன்றுக்கொன்று வழிவிட்டு, இருபது நிமிடமாக இரண்டும் நகரவில்லையாம். எப்சிபா வயலினைக் கீழே வைத்தாள். "லாரி மொதல்ல போகட்டும், பொறவு பஸ்ஸு" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு வயலினை எடுப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"எக்கா! இன்னைக்கு என்னக்கா சாப்பிட்டீங்க?" என்று கத்தினான் ஜெய்லானி. "அந்தக் கடைசிச் சுத்துல சக்கைப்போடு போட்டுட்டீங்க!"

"எந்தக் கடைசிச் சுத்து?"

"இப்ப வாசிச்சீங்கள்லா? மேல போயி அப்படியே எறங்குனீங்களே, அதுதான்."

"ஜெய்லானி, நான் வயலினக் கீழ வச்சுட்டு ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் பஞ்சாயத்து பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"வெளையாடாதீங்கக்கா."

"சத்தியமா. அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன கேட்டுது?"

சிகாமணி பேச்சை மாற்றினார். "அடுப்புல தட்டு கெடக்கும்மா, கருகிரும், வாரேன்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். பத்து வருடத்தில் ஏழு மணிக்கு முன்னால் அவர் எழுந்துபோனது அன்றுதான்.

மறுநாள் எப்சிபா ஒரு வேலை செய்தாள். ஜெய்லானியிடம், "ஒன் காதுல விழுறத அப்படியே பதிஞ்சு அனுப்பு" என்று சொல்லிவிட்டு, முதல் சுற்று முழுக்க ஒரே சுரத்தை ஆடு கத்துவது மாதிரி இழுத்தாள். அடுத்த சுற்றில் தன் சொந்தச் சரக்கை வாசித்தாள்.

அந்தச் சரக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் அவள் கையில் ஒரு புதுப் பிடி, நாலைந்து சுரங்களின் கோர்வை, தானாக வந்து விழுந்தது. மேலே ஏறப் போவதுபோல் போக்குக் காட்டி, சட்டென்று பாதியில் சறுக்கி, தாளத்துக்கு மயிரிழை பின்னால் வந்து உட்காரும். முதல்முறை வந்தபோது அவளுக்கே புல்லரித்தது. நாற்பத்தாறு வயதில், யாரிடமும் கேட்காத, எதிலிருந்தும் எடுக்காத ஒன்று! தினமும் ஆறு மணிக்கு வாசித்தாள். இன்றைக்குச் சொல்வார்கள், நாளைக்குச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, நன்றாக இல்லை போலிருக்கிறது, பெரிய வித்துவான் என்று நமக்குத்தான் நினைப்பு என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டாள். வலித்தது. ஆனால் விடவும் மனமில்லாமல் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஜெய்லானி அனுப்பிய பதிவு வந்தது. கேட்டாள். ஆட்டுக் கத்தல் இல்லை. புதுப் பிடியும் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை சுத்தமான மோகனம். அவளுடைய வயலின்தான், அவளுடைய கைதான். ஆனால் பத்து வருடத்துக்கு முந்திய கை. எப்போதோ விட்டொழித்த பழைய வழக்கங்கள் எல்லாம் அதில் பவ்யமாக வரிசையில் நின்றன.

எப்சிபாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "யாரக் கேட்டு என் கையால வாசிக்கி அது?" என்று அந்த அமைதியான மாடியில் வாய்விட்டுக் கத்தினாள். சுவரில் இருந்த ஒலிமானி சிவந்து, அபராத எச்சரிக்கை வந்தது. போட்டால் போடட்டும் என்று இன்னொரு முறையும் கத்தினாள்.

புதன்கிழமை காலை விடுப்புப் போட்டுவிட்டுத் தளத் தேர்வு மையத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்த அம்மாள் தலை நிமிராமல் கேட்டாள், "இசை உண்டா?"

"உண்டு. வயலின்."

"தொழிலா, பொழுதுபோக்கா?"

"பொழுதுபோக்கு."

"அப்ப முன்னோசதான். தொழில்காரங்களுக்குன்னா தனிக் கம்பி இழுத்த அரங்கம் இருக்கு. பொழுதுபோக்குக்காரங்க யாரும் வேற கேக்க மாட்டாங்க."

"நான் கேக்கேன். முன்னோச எப்படி வேல செய்யுது?"

அந்த அம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தாள். நாள் முழுக்கக் கையெழுத்து வாங்கி வாங்கி அலுத்துப்போன முகம். யாரோ ஒருத்தி உண்மையிலேயே கேட்கிறாள் என்றதும் அதில் ஒரு சின்ன உயிர் வந்தது.

"ஒப்பந்தத்துல நாப்பத்தோராம் பக்கம். ஒங்க சத்தம் அங்க போயிச் சேர அரை நொடி ஆகும்லா? அதுக்கு முன்னால, நீங்க அடுத்து என்ன வாசிப்பீங்கன்னு அவங்க காதுல இருக்கிற மணியே ஊகிச்சு வாசிச்சிரும். மொதல் வருஷம் ஒங்க கையப் படிச்சுக்கிடும். பொறவு அதுவே பாத்துக்கும்."

"ஊகம் தப்பாப் போனா?"

"தப்புன்னு எப்படிம்மா சொல்ல? ஊகத்துக்கும் ஒங்க வாசிப்புக்கும் வித்தியாசம் வந்துதுன்னா, நீங்க பெசகிட்டீங்கன்னு எடுத்துக்கிடும். பெசக யாருக்கும் அனுப்பாது. ஒங்க பக்கத்துலேருந்து ஒண்ணுமே வரலைன்னாலும் இணைப்பு போச்சுன்னு நெனச்சு ஒரு நிமிஷம் அதுவே சமாளிக்கும். எல்லாருக்கும் திருப்திதான். பத்து வருஷத்துல ஒரு புகார் கெடையாது."

ஆமாம், எப்படிப் புகார் வரும்? அவரவர் வாசிப்பு அவரவர் காதில் உள்ளபடி விழுகிறது. அடுத்தவர் வாசிப்பு பிசிறில்லாமல் விழுகிறது. நானும் நன்றாக வாசித்தேன், அவரும் நன்றாக வாசித்தார் என்று எல்லோரும் மகிழ்ச்சியாகத் தூங்கப் போனார்கள். பத்து வருடம், மூன்று பேர், மூன்று அறையில் மூன்று தனிக் கச்சேரி! இதைவிடப் பெரிய கூத்து உண்டா?

"இன்னொரு தளம் இருக்குல்லா?"

"உள்ளபடி. எத வாசிச்சீங்களோ அதத்தான் அனுப்பும், ஆனா அரை நொடி கழிச்சு. வக்கீல்கள், போலீசு, கடலுக்குப் போறவங்கதான் வச்சிருக்காங்க. நத்தைன்னு சொல்லுவாங்க." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு மணி நேரம் சோதன பாக்கலாம். ஒங்க கூட்டாளியையும் அவர் ஊர் மையத்துக்கு வரச் சொல்லுங்க. பாட்டுக்கு ஆகாதும்மா, பாத்துக்கிடுங்க."

ஜெய்லானி போர்ட் பிளேர் மையத்துக்கு ஓடினான். சிகாமணி இடுப்பு வலி என்று சொல்லிவிட்டார். இருவரும் தொடங்கினார்கள். நாலு அடி தாண்டவில்லை, வண்டி குடைசாய்ந்தது. அவளுடைய வில் வரட்டும் என்று அவன் கொஞ்சம் பொறுத்தான். அவனுடைய தட்டு வரட்டும் என்று அவள் கொஞ்சம் பொறுத்தாள். இருட்டில் இரண்டு பேர் கட்டில் தூக்கிக்கொண்டு படியேறுகிற மாதிரி வேகம் குறைந்து, குறைந்து, ஓர் இடத்தில் இரண்டு பேரும் நின்றேவிட்டார்கள். ஏழுமுறை முயன்றார்கள். ஏழாம் முறை ஜெய்லானி கஞ்சிராவை வைத்துவிட்டான்.

"எக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு அந்தப் பொய்யே தேவல."

"ஜெய்லானி!"

"பொய்யோ மெய்யோ, சேந்து இருந்தோம்லக்கா? இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா? சாயங்காலம் நீங்களும் அண்ணாச்சியும் இல்லைன்னா நான் என்ன செய்வேன்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் அவள் வாசிப்பது யாருக்கும் கேட்காது. அவள் வாசிப்பது கேட்க வேண்டுமென்றால் ஒன்றாக இருக்க முடியாது. எதை எடுத்தாலும் பத்து வருடத்துக்கு மாற்ற வழியில்லை. வீட்டுக்கு வந்து வயலினைத் தொடாமல் படுத்துவிட்டாள்.

வியாழன் காலை வேலைக்குப் போனாள். திருச்செந்தூரிலிருந்து வரவேண்டிய வண்டி ஏழு நிமிடம் தாமதம். உள்ளே வந்ததும் வராததுமாக, விட்ட நேரத்தைப் பிடிக்கிறேன் என்று ஆள் ஏறுமுன் கதவைச் சாத்திக்கொண்டு பறக்கப் பார்த்தது. ஒரு பெண்ணின் பை கதவில் மாட்டிக்கொண்டது. எப்சிபா நிறுத்துப் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

"எங்க ஓடுத? நில்லு அங்கனயே!"

"நான் ஏழு நிமிடம் தாமதம்" என்றது வண்டி.

"ஓடுனா அஞ்சு நிறுத்தத்துல அஞ்சு பேர விட்டுட்டுத்தான் போவ. பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி இருக்கு. இன்னும் மூணு நிமிஷம் பேசாம நில்லு. போர்ட மாத்து. அடுத்த டிரிப்புக்கு நீ கரெக்ட் டைம்."

டைம் கீப்பர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். தாமதமான வண்டியை விரட்டக் கூடாது. இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தி அடுத்த நடையாக்கிவிட வேண்டும். இதை அவள் பதினெட்டு வருடத்தில் பத்தாயிரம் முறையாவது சொல்லியிருப்பாள். இன்று சொல்லி முடித்ததும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

அரை நொடியைக் குறைக்கத்தானே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கூட்டினால் என்ன?

கணக்குப் போட்டாள். அவர்கள் வாசிக்கும் வேகத்தில் எட்டு அடி கொண்ட ஒரு சுற்று ஆறு நொடி. வந்த ஒலியை உடனே காதில் விடாமல், முழுசாக ஆறு நொடி ஆகும்வரை நிறுத்திவைத்தால்? ஜெய்லானியின் முதல் சுற்று அவளுடைய இரண்டாம் சுற்றில், அடிக்கு அடி சரியாக வந்து விழும். அவளுடைய முதல் சுற்று அவனுடைய இரண்டாம் சுற்றில் விழும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். எல்லோரும் எல்லோருடைய போன சுற்றோடும் வாசிப்பார்கள். தாமதம் இருக்கும், ஆனால் தாளத்தில் இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மையத்துக்கு ஓடினாள். "உள்ளபடியில தாமதத்தக் கூட்ட முடியுமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"கூட்டவா?" கவுண்டர் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "குறைக்கத்தான எல்லாரும் கேப்பாங்க? கூட்டலாமே. கிரிக்கெட் கமெண்டரிய டிவி படத்தோட பொருத்துறதுக்குன்னு ஒரு திருகு இருக்கு. பத்து நொடி வரைக்கும் போகும்."

அட, அந்தத் திருகு இத்தனை வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது! ஜெய்லானியை மறுபடி வரவழைத்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். இரண்டு கைபேசியிலும் ஒரே நேரத்தில், அடியை எண்ணித் தட்டும் தட்டுமணியை ஓடவிட்டார்கள். முதல் சுற்றில் அவளுக்கு அவள் வாசிப்பு மட்டும்தான் கேட்டது. இரண்டாம் சுற்றின் முதல் அடியில், விரலில் மாவு ஒட்டியதுபோல் அவ்வளவு பக்கத்தில், கஞ்சிரா வந்து விழுந்தது. பிசகு ஒன்றும் திருத்தப்படாத கஞ்சிரா. மூன்றாம் அடியில் அவன் விரல் வழுக்கியதுகூடக் கேட்டது. பத்து வருடத்தில் அவன் விரல் ஒருமுறைகூட வழுக்கி அவள் கேட்டதில்லை.

ஐந்து நிமிடம் நிற்காமல் வாசித்தார்கள். முடித்ததும் ஜெய்லானி அழுதுகொண்டே சிரித்தான்.

"யா அல்லா! எக்கா, நீங்க இப்படியா வாசிப்பீங்க? ஒங்களுக்கு இவ்வளவு கோவம் உண்டுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. நான் நத்தைக்கு வந்துட்டேன். அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் எப்சிபா சிகாமணியின் கடைக்குப் போனாள். முட்டை வெள்ளையும் முந்திரியும் வேகும் மணம் தெருவரை வந்தது. சிகாமணி நாற்காலியில் உட்கார்ந்து, இயந்திரம் தட்டில் மக்ரூன்களைக் கூம்பு கூம்பாகப் பிழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் அவரே பிழிவார். நிமிடத்துக்கு நாற்பது, ஒன்றுபோல் ஒன்று. எப்சிபா கதையை எல்லாம் சொன்னாள். ஊகம், திருகு, ஆறு நொடி, எல்லாம். அவர் ஆச்சரியமே படவில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

அவர் மடியிலிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். கை காற்றில் இலை ஆடுவதுபோல் ஆடியது. அவர் அதை நிறுத்த முயலவில்லை.

"நாலு வருஷமாச்சும்மா. மொதல்ல ஆடுன அன்னைக்கு ஒரு பாட்டுல மூணு எடத்துல தப்பவிட்டேன். நீ 'பிரமாதம் அண்ணாச்சி'ன்ன. நக்கல் பண்ணுதியோன்னு நெனச்சேன். மறுநாளும் பிரமாதம்ன. அப்பதான் போயி அந்த நாப்பத்தோராம் பக்கத்தப் படிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? அதுல நான் இன்னும் நல்லா இருக்கேம்மா."

எப்சிபாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்ப நாலு வருஷமா நான் யாருகூட வாசிச்சேன்?"

"என்கூடத்தான். நல்லா இருந்த என்கூட."

"அண்ணாச்சி, எனக்கு மூணு மாசத்துக்கு முன்னால ஒரு புதுப் பிடி வந்துது. தெனமும் வாசிச்சேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சு வயலின வித்துரலாமான்னுகூடப் பாத்தேன்."

சிகாமணி சட்டென்று நிமிர்ந்தார். "என்ன பிடி? எனக்கு வரலையே!"

"வராது. நான் பெசகிட்டேன்னு அது தூக்கிப் போட்டுருச்சு."

அவர் இயந்திரத்தைப் பார்த்தார். "எனக்கு ஊனுகம்பு குடுத்திருக்குன்னுதான் நெனச்சேன். ஓடுற பிள்ள காலயும் சேத்துக் கட்டிப் போட்டிருக்கே, சவம்." பிறகு தலையை ஆட்டினார். "இருந்தாலும் பத்து வருஷம்மா. எழுவத்தொண்ணு வரைக்கும் இந்தக் கைய வெளிய கேக்க வைக்கச் சொல்லுதியா? வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் போங்க. நல்லா இருங்க."

"நான் வற்புறுத்தல அண்ணாச்சி. ஆனா ஒண்ணு சொல்லுதேன். நல்லா இருந்த கை எனக்கு வேண்டாம், அத நாலு வருஷம் கேட்டுட்டேன். இப்ப இருக்கிற கைதான் வேணும். அது ஆடுனா ஆடிட்டுப் போகுது."

அவர் கையை மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டார். எப்சிபா எழுந்து வந்துவிட்டாள். நாலே முக்காலுக்கு மையத்தில் கையெழுத்துப் போட்டாள். கவுண்டர் அம்மாள் படிவத்தில் 'பொழுதுபோக்கு, வயலின், உள்ளபடி' என்று எழுதிவிட்டு, "இந்த மையத்துல மொதல் ஆளு நீங்கதாம்மா" என்றாள். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சொடுக்கு. ஐந்து மணிக்குப் பூட்டு விழுந்தது. சிகாமணி கடைசிவரை அங்கே வரவில்லை. ஊரில் வேறு மையங்களும் உண்டு, ஆனால் அவள் ஆசைப்பட்டு ஏமாற விரும்பவில்லை.

ஆறு மணி. தட்டுமணி தொடங்கியது. முதல் சுற்று அவள் மட்டும். இரண்டாம் சுற்றில் ஜெய்லானி வந்தான். மூன்றாம் சுற்றிலும் ஜெய்லானி மட்டும்தான். சரி, இரண்டு பேர்தான் இனிமேல் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வில்லை இழுத்தாள். நாலாம் சுற்று, முதல் அடி: ஒரு மாண்டலின் தந்தி.

ஒரே ஒரு சுரம். சுத்தமாகக்கூட இல்லை. ஆடியது, நடுங்கியது, இரண்டாம் அடியைத் தவறவிட்டது, மூன்றாம் அடியில் திரும்பி வந்தது. பழைய சிகாமணி ஓர் அடிக்கு எட்டுச் சுரம் கொட்டுவார். இந்த ஆள் ஒரு சுற்றுக்கே ஐந்துதான் வைத்தார். ஆனால் எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்து தேர்ந்து வைத்தார். நாலு வருடமாக யாருக்கும் கேட்காமல் அவர் தனியாகக் கற்றுக்கொண்ட வாசிப்பு அது. இந்த மனுஷரை நான் இதுவரை கேட்டதே இல்லையே என்று நினைத்தாள் எப்சிபா.

ஏழாம் சுற்றில் தன் புதுப் பிடியை வாசித்தாள். மேலே போகப் பார்த்து, சறுக்கி, மயிரிழை பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

வாசித்துவிட்டாள், ஆனால் யாரும் இன்னும் கேட்கவில்லை. ஆறு நொடி கழித்துத்தான் அது அவர்கள் காதில் விழும். அவர்கள் ஏதாவது சொன்னால் அது இவளுக்கு வர இன்னும் ஆறு நொடி. எட்டாம் சுற்றை வாசித்தாள். பழைய சந்தேகம் திரும்பி வந்தது. மெய்யாகவே நன்றாக இல்லை என்றால்? இந்தமுறை பழிபோட ஒரு தளம்கூட இல்லையே! ஒன்பதாம் சுற்றின் பாதியில் கஞ்சிரா திடீரென்று ஒரு தட்டுத் தடுமாறியது. அதே அடியில் சிகாமணி கத்தினார். ஒலியடக்கச் சட்டம், அபராதம், அக்கம்பக்கம் எதையும் பொருட்படுத்தாத கத்தல்.

"அடி ஆத்தாடி! என்னம்மா அது! எங்கேருந்து பிடிச்ச இத? எப்சிபா, இன்னொரு தடவ! இன்னொரு தடவ வாசி!"

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை. எப்சிபா வாய்விட்டுச் சிரித்தபடி அதே பிடியை மறுபடி எடுத்தாள். பாதியில் அவளுக்கே தெரியாமல் அது வேறு பக்கம் திரும்பியது, அவளும் அதன் பின்னாலேயே போனாள்.